யாருடைய முகவர்?

கவிதையில் ஒரு சொல் இடந்தவறி நின்றால் அதனைக் கண்டு சொல்வதற்கு எம்மிடையே விமர்சகர் பலர் உளர். வணிக உலகம் ஒரு சொல்லை எடுத்து, அதன் பொருளைப் பாதியாக நறுக்கி வழங்கும்போது அதனைக் கவனிப்பார் அரியர். ஒரு கவிதையைப் படிப்போர் சில நூறு பேர். வணிகத்தின் சொல்லினால் வேலை பெறுவோரும் வேலை இழப்போரும் பல இலட்சம் பேர். ஆகவே அத்தகைய ஒரு சொல்லை ஆராய்வது இலக்கிய ஏட்டுக்குப் புறம்பான காரியமன்று என்றே கருதுகின்றோம். அச்சொல் 'முகவர்' என்பது. 'ஏஜென்ட்' என்று ஆங்கிலத்தில் வழங்குவதும் இதுவே.

இன்று இச்சொல் மிகுதியாகப் புழங்குமிடம் வணிக முகாமைத்துவ மென்பொருள் விற்போரின் விளம்பரங்களாகும். ஒரு நிறுவனத்தின் கொள்வனவு, களஞ்சியம், கணக்கு, சம்பளம், லீவு, ஆட்சேர்ப்பு, வாடிக்கையாளர் முறைப்பாடு ஆகிய அனைத்தையும் ஒன்றாக இணைத்து நடத்தும் கணினி ஏற்பாடே இம்மென்பொருள். அதனுள் செயற்கை நுண்ணறிவு சில ஆண்டுகளாக வேகமாகப் புகுத்தப்பட்டு வருகின்றது. சேல்ஸ்ஃபோர்ஸ் கம்பனி 2016இல் 'ஐன்ஸ்டைன்' என்ற பெயரில் இதனை ஆரம்பித்தது. மைக்ரோசொஃப்ற் தனது வணிக மென்பொருளுக்குள் 2023 மார்ச்சில் 'துணை விமானி'யை ஏற்றியது. அதே ஆண்டு செப்டெம்பரில் ஜெர்மனியின் எஸ்.ஏ.பி. கம்பனி 'ஜூல்' என்பதை அறிவித்தது. விஞ்ஞானிகளின் பெயர்கள் இவ்வளவு மலிவாக விலைபோன காலம் முன்பு இருந்ததில்லை. 2024இன் பிற்பகுதியிலிருந்து ஐன்ஸ்டைனும் விமானியும் பின்தள்ளப்பட்டு 'முகவர்' என்ற சொல்லே முன்னுக்கு வந்துள்ளது. முகவர் ஆணை பெறுவார்; ஆராய்வார்; கடிதம் எழுதுவார்; பொருளுக்குக் கட்டளை அனுப்புவார்; விண்ணப்பதாரரைத் தரம் பிரிப்பார். சம்பளம் கேட்கமாட்டார்.

இது தூரதேசத்துச் செய்தி என்று எண்ணவேண்டியதில்லை. சுவீடனில் 1983இல் தோன்றிய ஐ.எஃப்.எஸ். என்ற கம்பனியின் முகாமைத்துவ மென்பொருளிற் கணிசமான பங்கு கொழும்பில் எழுதப்படுகின்றது. அக்கம்பனியும் 2023இல் செயற்கை நுண்ணறிவைத் தன் மென்பொருளின் நடுவில் வைத்ததாக அறிவித்தது. கணிதத்திற் கெட்டிக்காரரான எமது மாணவர் போய்ச் சேருகின்ற உத்தியோகங்களுள் இத்தகைய உத்தியோகமும் ஒன்று. எழுதுவோர் எமது பிள்ளைகள். அதனால் அளக்கப்படப் போவோரும் எமது பிள்ளைகளே.

கணினி வணிகத்துக்குள் நுழைந்த கதை தேயிலையோடு தொடர்புடையது என்பதை எமது வாசகருட் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். இங்கிலாந்தில் தேநீர்க் கடைகளாலும் வெதுப்பகங்களாலும் பெருத்த ஜே. லயன்ஸ் கம்பனி, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திற் செய்யப்பட்ட கணினியைப் பின்பற்றித் தனக்கென்று ஓர் இயந்திரம் அமைத்தது. 'லியோ' என்பது அதன் பெயர். உலகில் வணிகத்தின் அன்றாட அலுவலுக்கு வைக்கப்பட்ட முதற் கணினி அதுவே. 1951 நவம்பரில் அது வெதுப்பகப் பண்டங்களின் மதிப்பைக் கணக்கிட்டது. பின்னர் ஊழியரின் சம்பளத்தையும் கணக்கிட்டது. தேர்ந்த இலிகிதர் ஒருவர் ஓர் ஊழியரின் சம்பளத்தைக் கணித்து முடிக்க 8 நிமிடம் எடுக்க, லியோ ஒன்றரை வினாடியில் முடித்தது என்பார்கள். தேயிலைத் தூள்களைக் கலக்கும் அளவுகளைக் கணிப்பதும் நாளடைவில் அதன் வேலையாயிற்று. கூட்டலும் பெருக்கலும் இயந்திரத்துக்குப் போனதில் எவரும் துயருறவேண்டியதில்லை. தவணை முடிவில் நாற்பது பிள்ளைகளின் எட்டுப் பாடப் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி கண்டு, மறுபடியும் கூட்டிப் பார்த்த ஆசிரியர் எவரும் லியோவை மனதார வாழ்த்துவர்.

ஆனால் அந்தக் கணக்கின் பின்னால் இன்னொரு வரலாறு இருக்கின்றது. அமெரிக்கப் பொறியியலாளர் பிரெடரிக் டெய்லர் 1911இல் வெளியிட்ட நூலில், இரும்புக் கட்டிகளைச் சுமக்கும் தொழிலாளி ஒருவன் நாளொன்றுக்குப் பன்னிரண்டரைத் தொன் சுமந்ததை 47 தொன்னாக உயர்த்திய கதையைப் பெருமையோடு சொல்கின்றார். சுமை நான்கு மடங்களவு ஏறியது, கூலி 1.15 டொலரிலிருந்து 1.85 டொலருக்கு ஏறியது. எப்போது தூக்குவது, எப்போது உட்காருவது என்பதையெல்லாம் மணிக்கூட்டோடு நின்ற மேற்பார்வையாளன் சொன்னான். சிந்திப்பதை ஒருவனிடமும் செய்வதை இன்னொருவனிடமும் பிரித்து வைப்பதே இம்முறையின் உயிர்நாடி என்று ஹாரி பிரேவர்மன் 1974இல் எழுதிய 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' என்ற நூலில் நிறுவினார். அவர் பேராசிரியராக இருந்தவரல்லர். செம்புப் பட்டறையிற் பயின்ற தொழிலாளி. பட்டறையில் நடந்தது அலுவலகத்திலும் நடக்கும், இலிகிதரின் மேசையும் ஆலையின் வார்ப்பட்டையாக மாறும் என்று அந்நூலில் அவர் காட்டியிருந்தார். எமது சுதந்திர வர்த்தக வலயத்துத் தையல் ஆலைகளில் ஒரு சட்டையின் கழுத்துப்பட்டிக்கு இத்தனை நிமிடம் என்று கணக்கிட்டு, மணிக்கு மணி இலக்கு எழுதிவைக்கும் முறை டெய்லரின் மணிக்கூட்டுக்கு நேர்வாரிசு.

இதுவரை இயந்திரம் அளந்தது; தீர்ப்பை மனிதன் சொன்னான். அந்த மனிதன் நல்லவனோ கெட்டவனோ, மனிதனாக இருந்தான். இப்போது வந்திருக்கும் மாற்றம் தீர்ப்பிலே உண்டானது.

இந்த இயந்திரம் எப்படித் தீர்ப்புச் சொல்கின்றது? எவரும் அதற்கு நியாயம் கற்பிக்கவில்லை. பழைய பதிவேடுகளை ஆயிரக்கணக்கில் அதன்முன் கொட்டுகின்றார்கள். முன்னர் எடுக்கப்பட்டவர் எத்தகையவர், தள்ளப்பட்டவர் எத்தகையவர் என்பதிலுள்ள ஒழுங்கை அது கண்டுபிடிக்கின்றது. புதிதாக வருபவர் எந்தக் கூட்டத்தோடு ஒத்திருக்கிறார் என்று பார்த்து ஓர் எண்ணைக் கொடுக்கின்றது. இறந்தகாலத்தை எதிர்காலமாக எழுதுகின்ற இவ்வித்தைக்கு அமேசன் கம்பனியின் அனுபவமே தக்க சான்று. 2014 முதல் அக்கம்பனி வேலை விண்ணப்பங்களைத் தரம்பிரிக்கும் ஒரு கருவியை உருவாக்கிற்று. பத்தாண்டுகளாக வந்த விண்ணப்பங்களே அதற்குப் பாடநூல். அவற்றுட் பெரும்பாலானவை ஆண்களுடையவை. ஆகவே ஆண்களே உகந்தவர் என்று கருவி கற்றுக்கொண்டது. 'மகளிர்' என்ற சொல் விண்ணப்பத்தில் வந்தால், அது மகளிர் சதுரங்கக் கழகத்தின் தலைவி என்ற சிறப்புக்காக வந்திருந்தாலும், புள்ளி குறைந்தது. இரண்டு மகளிர் கல்லூரிகளின் பட்டதாரிகளும் அவ்வாறே கீழிறக்கப்பட்டனர். குறையைத் திருத்த முயன்று முடியாமற் போக, 2017இன் தொடக்கத்தில் கம்பனி அம்முயற்சியைக் கைவிட்டது. 2018 ஒக்டோபரில் ராய்ட்டர் செய்தித் தாபனம் இதனை வெளியிட்டது. அக்கருவியைக் கொண்டு எவரையும் மதிப்பிடவில்லை என்பது கம்பனியின் மறுமொழி.

எமது நாட்டுத் திணைக்களங்கள் சிலவற்றின் ஐம்பது ஆண்டுக்கால நியமனக் கோவைகளை இத்தகைய ஒரு கருவிக்குப் பாடநூலாகக் கொடுத்தால் அது என்ன கற்கும்? ஊர்ப்பெயரைக் கண்டு சாதியை ஊகிக்கக் கற்கும். தோட்டப் பாடசாலையின் பெயரைக் கண்டு புள்ளியைக் குறைக்கக் கற்கும். எவருடைய சிபாரிசுக் கடிதத்துக்கு நிறை அதிகம் என்பதையும் கற்கும். கற்றபின், 'விஞ்ஞானபூர்வமான தெரிவு' என்று அதற்கு முத்திரையும் விழும்.

இங்கே மென்பொருள் விற்போர் குறுக்கிடுவர். கருவி தீர்மானிப்பதில்லை, ஆலோசனை மாத்திரமே கூறுகின்றது, இறுதி முடிவு மனிதனுடையது என்பர். கேட்க நியாயமாகவே இருக்கின்றது. ஆயிரம் விண்ணப்பங்கள் வருகின்றன. கருவி அவற்றை ஒன்று முதல் ஆயிரம் வரை வரிசைப்படுத்துகின்றது. அலுவலருக்கு இருபதை வாசிக்கவே நேரமிருக்கின்றது. இருபத்தோராவது மனிதனை எவரும் நிராகரிக்கவில்லை. எவரும் வாசிக்கவில்லை, அவ்வளவுதான். 'ஆலோசனை' என்னும் சொல்லுக்குள் எத்தனை தீர்ப்புகளை ஒளித்துவைக்கலாம் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டியதில்லை.

அமெரிக்காவில் 2023இல் தொடரப்பட்ட ஒரு வழக்கு இந்த இடத்தில்தான் கைவைக்கின்றது. ஆட்சேர்ப்பும் சம்பளமும் லீவும் நடத்தும் மென்பொருளை எண்ணற்ற கம்பனிகளுக்கு வழங்கும் வேர்க்டே என்ற கம்பனியே எதிராளி. வழக்காளி நாற்பது வயதைக் கடந்த ஒரு கறுப்பின மனிதர். இந்த மென்பொருளைக் கையாளும் கம்பனிகளில் நூற்றுக்கு மேற்பட்ட வேலைகளுக்கு விண்ணப்பித்ததாகவும் எல்லாவற்றிலும் தள்ளப்பட்டதாகவும் அவர் முறையிட்டார். ஒருமுறை நள்ளிரவு கடந்து அனுப்பிய விண்ணப்பத்துக்கு, ஒரு மணிநேரம் ஆகுமுன்னரே, விடியுமுன் இரண்டு மணிக்குச் சற்று முன்பாக, நிராகரிப்பு வந்துவிட்டதாம். அந்நேரத்தில் எந்த அலுவலர் விழித்திருந்து அவருடைய தகைமைகளைச் சீர்தூக்கினார்? குற்றச்சாட்டுகளைக் கம்பனி மறுக்கின்றது. தான் ஒரு கருவியைச் செய்து கொடுத்தவன் மாத்திரமே, வேலை கொடுப்பவனும் கொடாதவனும் வேறு கம்பனிகள் என்பது அதன் எதிர்வாதம். தச்சன் கதிரை செய்து விற்றான், அதில் எவரை இருத்துவது என்பது வாங்கியவன் பாடு என்பது போன்ற வாதம் இது.

2024 ஜூலையில் நீதிபதி இவ்வாதத்தை ஏற்க மறுத்தார். விண்ணப்பதாரரைத் தள்ளுவதும் முன்னே அனுப்புவதும் முற்காலத்தில் மனிதர் செய்த வேலை; அந்த வேலையை வேலை கொள்வோர் இம்மென்பொருளிடம் ஒப்படைத்திருப்பதாகக் கூறப்படுவதால், இக்கம்பனியை அவர்களுடைய முகவராகக் கொண்டு வழக்கை நடத்த இடமுண்டு என்றார். வழக்கின் முடிவு என்னவாயினும், இத்தீர்ப்பில் எமக்கு முக்கியமானது ஒரு சொல். மென்பொருள் வணிகர் மேடைமேல் ஏறி உச்சரிக்கும் அதே 'முகவர்' என்ற சொல்லை நீதிமன்றமும் உச்சரித்தது. ஆனால் இரண்டும் ஒரு சொல்லல்ல.

சட்டத்தில் முகவர் என்பவர் தனித்து நிற்பவரல்லர். அவருக்குப் பின்னால் ஓர் அதிபர் இருக்கின்றார். முகவர் அதிபருக்காகக் கைச்சாத்திடுவார். அவர் செய்ததற்கு அதிபர் பதில் சொல்வார். வரம்பு மீறினால் முகவரும் பதில் சொல்வார். பொறுப்பைக் கடத்துகின்ற கயிறே அச்சொல்லின் பொருள். வணிகரின் விளம்பரத்தில் வரும் முகவருக்கோ அந்தக் கயிறு அறுக்கப்பட்டிருக்கின்றது. செய்கை இருக்கின்றது, செய்தவன் இல்லை. இதனை நாம் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. பாட்டி இறந்த துயரத்தில் விமானச்சீட்டு வாங்கிய ஒரு பயணிக்கு, கட்டணச் சலுகையைப் பின்னர் கேட்டுப் பெறலாம் என்று எயார் கனடா நிறுவனத்தின் உரையாடற் கருவி தவறாகச் சொல்லிவிட்டது. சலுகையை மறுத்த நிறுவனம், அக்கருவி தன் செயல்களுக்குத் தானே பொறுப்பான தனியொரு சட்ட ஆள் என்னும் பொருள்பட நியாயசபையில் வாதித்தது. 2024 பெப்ரவரியில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் நியாயசபை அதனை நிராகரித்து நட்டஈடு கொடுக்கும்படி கட்டளையிட்டது. தொகை சில நூறு டொலர்தான். ஆனால் அந்தச் சில நூறு டொலரைத் தப்புவதற்காகத் தன் கணினியை ஆளாக்கி முன்னே தள்ள ஒரு பெரிய நிறுவனம் கூசவில்லை.

இன்னுமொரு நிகழ்ச்சி. 2025 பெப்ரவரி முதல் வாரத்தில் வேர்க்டே கம்பனி 1,750 ஊழியரை, அதாவது தன் ஊழியருள் நூற்றுக்கு எட்டரைப் பேரை, நீக்குவதாக அறிவித்தது. செயற்கை நுண்ணறிவில் முதலிடுவது காரணங்களுள் ஒன்றாகச் சொல்லப்பட்டது. சில நாட்கள் கழித்து அதே கம்பனி, மனித ஊழியருக்கு ஏடு வைத்திருப்பது போலக் கணினி முகவர்களுக்கும் ஏடு வைத்து நிர்வகிக்கும் ஏற்பாடு ஒன்றை அறிவித்தது. முகவர்கள் சேவையிற் சேர்வது, அவர்களின் அலுவல், அவர்களின் செலவு எல்லாம் அதிலே பதியப்படுமாம். 1,750 மனிதர் ஏட்டிலிருந்து நீங்க, மனிதரல்லாதார் ஏட்டில் ஏறினர். ஒரு சிறுகதை ஆசிரியர் இவ்வாறு எழுதியிருந்தால் செயற்கையாக இருக்கிறது என்று நாம் குறை கூறியிருப்போம்.

மனித மேற்பார்வையை நாம் பொற்காலமாக்க முயலவில்லை. மலைநாட்டுத் தோட்டங்களில் நாட்கூலிக்குப் 'பெயர்' என்று பெயர். குறித்த நிறைக்குக் கொழுந்து எடுத்தால் முழுப்பெயர், குறைந்தால் அரைப்பெயர். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கழித்துக்கொண்டு பெயரைப் போட்ட கணக்குப்பிள்ளையின் பென்சிலைப் பற்றி அங்குள்ளவரிடம் கேட்டால் சொல்வார்கள். அந்தப் பென்சில் எத்தனை குடும்பங்களின் வயிற்றிலே கோடு கிழித்தது! எனினும் அந்தத் தராசுக்கு முன்னால் ஒரு பெண் நின்று, 'ஐயா, முள்ளைப் பாருங்க' என்று சொல்லக்கூடியதாக இருந்தது. அவளுக்குப் பின்னால் நிற்பவளும் அதையே சொன்னால் அது சச்சரவாகும். சச்சரவு முற்றினால் தலைவர் வருவார். சங்கம் அவ்வழியாகத்தான் பிறந்தது. அநீதிக்கு ஒரு முகம் இருந்தது. முகம் இருந்தபடியால் அதனோடு சண்டையிட முடிந்தது. எண்ணொன்றோடு சண்டையிடுவது எப்படி? அதிலும், தனக்கு எண் இடப்பட்டிருக்கிறது என்பதையே அறியாதவன் யாரோடு சண்டையிடுவான்?

இயந்திரத்தின் கணக்கை மனிதனின் சொல்லுக்கு மேலாக நம்பினால் எங்கே போய் முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் தபாற் பகுதியே சாட்சி. 'ஹொரைசன்' என்ற கணக்கு மென்பொருள் 1999 முதல் அங்குள்ள தபாலகங்களில் வைக்கப்பட்டது. அது செயற்கை நுண்ணறிவன்று. சாதாரணக் கணக்கு மென்பொருளே. உப தபாலதிபரின் கையிற் பணம் குறைகிறது என்று அது தவறாகக் காட்டியது. 1999க்கும் 2015க்கும் இடையில் 900க்கு மேற்பட்டோர் களவு, பொய்க்கணக்கு முதலிய குற்றங்களுக்குத் தண்டிக்கப்பட்டனர். பலர் சிறை சென்றனர்; வீட்டை விற்று இல்லாத கடனைக் கட்டினர்; உயிரை மாய்த்துக்கொண்டோரும் உளர். அவர்களுள் இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து சென்று குடியேறியோர் பலர். கணினி ஒழுங்காக இயங்கியது என்று நிரூபிக்கவேண்டிய கடப்பாடு 1984ஆம் ஆண்டுச் சட்டமொன்றில் இருந்தது. 1999இல் அது நீக்கப்பட்டது. இயந்திரம் சரியானது என்பதே எடுகோளாயிற்று. அது பிழையென்று நிரூபிக்கும் சுமை, அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கவும் அனுமதியற்ற கடைக்காரரின் தலையில் விழுந்தது. மென்பொருளிற் குறைகள் இருந்ததை 2019 டிசெம்பரில் உயர்நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆயினும் மொத்தமாக இத்தண்டனைகளை நீக்கும் சட்டம் 2024 மே மாதத்திலேயே நிறைவேறியது. அதற்கு உடனடிக் காரணம், அவ்வாண்டு ஜனவரியில் ஒளிபரப்பான நான்கு பகுதித் தொலைக்காட்சி நாடகம். இருபதாண்டு மனுக்களும் வழக்குகளும் அசைக்காத நாடாளுமன்றத்தை ஒரு நாடகம் சில வாரங்களில் அசைத்தது. கலை மக்களுக்கானதா என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களின் கவனத்துக்கு இதை வைக்கின்றோம்.

இவ்விடத்தில் எமது முற்போக்கு நண்பர் சிலரே எமக்கு மறுப்புச் சொல்லக்கூடும். இயந்திரம் உற்பத்திச் சக்தி. அதனை எதிர்ப்பது வரலாற்றை எதிர்ப்பது. இயந்திரம் உடைத்த லட்டைற்றுகளின் பாதை எமக்குரியதன்று என்பர். லட்டைற்றுகளைப் பற்றி ஆலை முதலாளிகள் எழுதிவைத்ததையே நாமும் ஒப்புவித்தல் தகுமா? 1811இல் நொட்டிங்ஹாம் பகுதியிற் பின்னல் தறிகளை உடைத்தவர் அத்தறிகளோடு தலைமுறையாக வாழ்ந்தவர்கள். கூலியைக் குறைக்கவும் மட்டமான துணி செய்யவும் பயன்படுத்தப்பட்ட தறிகளையே அவர்கள் தேடி உடைத்தனர். மற்றவற்றை விட்டுவைத்ததும் உண்டு. தறி உடைப்போருக்கு மரணதண்டனை விதிக்கும் மசோதா வந்தபோது, 1812 பெப்ரவரியில், பிரபுக்கள் சபையிற் கவிஞர் பைரன் ஆற்றிய கன்னிப்பேச்சு அதனை எதிர்த்தே அமைந்தது. அக்கவிஞருக்குத் தெரிந்தது எமக்குத் தெரியாமற் போகவேண்டியதில்லை: சண்டை தறியோடன்று, தறியின் நிபந்தனைகளோடு.

கணக்கு எழுதும் சலிப்பிலிருந்து மனிதனை விடுவிக்கும் எதனையும் நாம் வரவேற்கின்றோம். விடுவிக்கப்பட்ட நேரம் எவருடைய பைக்குள் போகின்றது என்பதே கேள்வி. சுவீடனின் கிளார்னா கம்பனி 2024 பெப்ரவரியில், தன் உரையாடற் கருவி ஒரே மாதத்தில் வாடிக்கையாளர் உரையாடல்களில் மூன்றிலிரண்டு பங்கை நடத்தி, 700 முழுநேர ஊழியரின் வேலையைச் செய்ததாகப் பறைசாற்றியது. மறு ஆண்டே, செலவைக் குறைப்பதில் மிகைபட்டுத் தரம் குன்றிவிட்டது என்று அதன் தலைவர் ஒப்புக்கொண்டு, மனிதரை மீண்டும் சேர்க்கலானார். சேல்ஸ்ஃபோர்ஸ் கம்பனியின் தலைவரோ, வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் 9,000 பேராக இருந்தோரை ஏறத்தாழ 5,000 ஆக்கிவிட்டதாக 2025இல் மகிழ்ந்து கூறினார். எட்டு மணிநேர வேலையை நான்கு மணிநேரமாக்கி 9,000 பேரையும் வைத்திருக்கலாம் என்று எந்தக் கம்பனியின் கருவியும் ஆலோசனை கூறியதாக நாம் கேள்விப்படவில்லை. அதுவும் ஒரு கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கை அதனிடம் எவரும் கேட்பதில்லை.

கேட்க வைத்தவர்களும் இருக்கின்றார்கள். 2023இல் அமெரிக்கத் திரைக்கதை எழுத்தாளர் 148 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். கணினி எழுதியதை எழுத்தாளனின் படைப்பாகக் கணக்கிடக்கூடாது, அதைப் பயன்படுத்தும்படி எழுத்தாளனைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்பன போன்ற நிபந்தனைகள் அவர்களுடைய ஒப்பந்தத்தில் ஏறின. இயந்திரத்தை அவர்கள் தடைசெய்யவில்லை. எந்நிபந்தனையில் அது உள்ளே வரலாம் என்பதைத் தீர்மானிக்கும் மேசையில் தமக்கும் ஒரு கதிரை வேண்டும் என்றார்கள். எமது நாட்டில் வங்கி ஊழியரும் தனியார்துறை இலிகிதரும் தம் கூட்டு ஒப்பந்தங்களில் இதுபற்றி ஒரு வாசகமேனும் கேட்டிருக்கிறார்களா என்பதை அவர்களுடைய சங்கங்கள் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

சட்டம் எதுவும் இல்லையென்று சொல்லிவிடவும் முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தன்னியக்க முறையில் எடுக்கப்பட்ட தீர்மானத்தை மீளாய்வு செய்யும்படி கேட்கும் உரிமையை எமக்கு வழங்குகின்றது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. பிற்போட்டதைவிட எமக்கு உறுத்துவது சட்டத்தின் வாசகம். தீர்மானம் முற்றாகத் தன்னியக்கமாக எடுக்கப்பட்டிருத்தல் வேண்டும்; அதன் விளைவு மாற்றமுடியாததாகவும் தொடர்ச்சியானதாகவும் இருத்தல் வேண்டும். 'முற்றாக' என்ற ஒரு சொல் போதும். கருவி வரிசைப்படுத்திய பட்டியலின் அடியில் ஓர் அலுவலர் கையொப்பமிட்டுவிட்டால், தீர்மானம் முற்றாகத் தன்னியக்கமானதன்று என்று வாதிடலாம். ஒரு வேலை கிடையாமற் போவது மாற்றமுடியாத தீங்கா, இன்னொரு வேலைக்கு விண்ணப்பிக்கலாமே என்றும் வாதிடலாம். பண்டிதர்கள் தொல்காப்பியச் சூத்திரத்துக்கு உரை சொல்வதில் காட்டும் கூர்மையில் நூறிலொரு பங்கைச் சட்டத்தின் இச்சொற்களிற் காட்டினால் நாட்டுக்கு எவ்வளவோ நன்மை.

முன்னே சொன்ன வழக்கு 2025 மே மாதத்தில் இன்னொரு கட்டத்தை அடைந்தது. 2020 செப்டெம்பருக்குப் பின்னர் அதே மென்பொருள் வழியாக விண்ணப்பித்து, அதன் தரப்படுத்தலால் தள்ளப்பட்ட நாற்பது வயதைக் கடந்தோரும் வயது காரணமான பாரபட்சக் குற்றச்சாட்டில் வழக்காளியோடு சேர்ந்துகொள்ள நீதிபதி முதற்கட்ட அனுமதி அளித்தார். கம்பனி ஆட்சேபித்தது. அக்காலப் பகுதியில் தன் மென்பொருளைக் கொண்டு நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்கள் 110 கோடி என்றும், கூட்டத்தின் தொகை பல கோடியாகலாம் என்றும் அது நீதிமன்றத்துக்குத் தெரிவித்தது. இத்தனை பேருக்கு எவ்வாறு அறிவிப்பது என்பது அதன் வாதம். பாதிக்கப்பட்டதாகச் சொல்லப்படுவோரின் தொகை பெரிது என்பது அவர்களுக்கு அறிவிக்காமல் விடுவதற்குக் காரணமாகாது என்று நீதிபதி அதனைத் தள்ளினார்.